தாத்தாவின் ரேடியோவும் ஒரு வெள்ளைக்கார அகதியும்

எங்க ஊர் தர்மபுரி மாவட்டம், மொரப்பூர் பக்கம். ஊர்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்தான். புளியமரம் நிறைய, வீடு கொஞ்சம். அந்தக் கொஞ்ச வீட்டில் ஒன்று எங்க தாத்தாவுடையது. அவரிடம் தோல் உறை போட்ட ஒரு ரேடியோ இருந்தது. உறை எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே கிழிந்துவிட்டது, ஆனா ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

விடியற்காலை ஆறு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னாடி தாத்தா அதைத் திருகுவார். முதலில் கொர்ர்ர். அப்புறம் தம்பூரா மாதிரி ஒரு ரீங்காரம். அதன் மேல் ஒரு வயலின், ஏதோ கேள்வி கேட்பது போல ஏறி, பதில் வராமல் இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். வானொலியின் அடையாள இசை. உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே காதில் கேட்டிருக்கும், சத்தியமா :-) அது முடிந்து வந்தே மாதரம், மங்கள இசை என்று வரிசையாக வரும். அந்த வயலின் கேட்கும்போதே பாட்டி அடுப்பு பற்ற வைத்திருப்பார். எனக்கு அந்த இசை என்றாலே விறகுப் புகையும், கேழ்வரகுக் கூழும்தான் ஞாபகம் வரும்.

நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம். லீவுக்குப் போயிருந்தேன். அதே நேரம், அதே ரேடியோ. தாத்தா திடீரென்று கேட்டார்: "ஏங்கண்ணு, இவ்வளவு நாளா கேக்கறோம். இத வாசிச்ச ஆளு யாரு?"

நான் போர்வையைக்கூட விலக்காமல் சொன்னேன்: "அது கவர்ன்மெண்ட் மியூசிக் தாத்தா. ஆளுன்னு எல்லாம் யாரும் கிடையாது."

தாத்தா "அப்டியா" என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் சொன்ன பதில் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர் ஆபீஸில், ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு பாழாய்ப்போன பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். ஏதோ ஒரு சேம்பர் மியூசிக் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மேற்கத்திய செவ்வியல் இசை பற்றிப் பெரிய ஞானம் கிடையாது. ராஜாவின் பின்னணி இசை வழியாக உள்ளே நுழைந்து, வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் கோஷ்டி நான். ஆனால் அன்று ஓடிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் ஒரு இடம் சட்டென்று என்னை நிமிர வைத்தது. ஐரோப்பிய வாத்தியம், ஐரோப்பிய அமைப்பு, ஆனா வாசனை மட்டும் நம்ம ஊர். யாருடா இதுன்னு பேரைப் பார்த்தேன். வால்டர் காஃப்மேன். தேடிப் படித்தால், பம்பாய், வானொலி, அடையாள இசை... சரிதான், பிழை அன்றைக்குத் திருத்தப்படவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். யார் இந்தக் காஃப்மேன்?

1907 ஏப்ரல் 1ஆம் தேதி, கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தவர். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போன ஊர். அவர் பிறந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா. இன்றைக்கு செக் குடியரசில் கார்லோவி வாரி. ஆள் ஊரைவிட்டு நகராமலேயே நாடு மாறிவிட்ட கதை. வீட்டில் ஜெர்மன் மொழி, யூதக் குடும்பம், படிப்பு பெர்லினில். ஆகவே அவரை ஜெர்மன்காரர் என்று சொல்பவர்களும் உண்டு, செக்காரர் என்பவர்களும் உண்டு. மொழியால் ஜெர்மன், பாஸ்போர்ட்டால் செக் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பெர்லின் இசைக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த வாத்தியார்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இசையமைப்பு சொல்லிக் கொடுத்தவர் ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கர், அந்தக் காலத்து ஜெர்மன் ஆப்பெராவில் பெரிய தலை. இசையியல் சொல்லிக் கொடுத்தவர் கர்ட் சாக்ஸ். இந்த சாக்ஸ் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். உலகத்து வாத்தியங்களை எல்லாம் வகைப்படுத்த இன்றைக்கும் பயன்படும் முறை ஒன்று இருக்கிறது. ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் சேர்ந்து 1914ல் வெளியிட்டது. நாம் தோல்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரிப்போமே, கிட்டத்தட்ட அதே அடிப்படைதான். இந்தியாவில் பழங்காலத்திலேயே இருந்த பாகுபாடுதான் பெல்ஜியம் வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சாக்ஸ் 1915லேயே இந்திய வாத்தியங்கள் பற்றிப் புத்தகம் எழுதியவர். அப்படிப்பட்டவரின் மாணவன் காதில் இந்தியா என்ற சொல் விழாமல் இருந்திருக்குமா?

பெர்லினுக்குப் பிறகு ப்ராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகம். மாலர் என்ற இசையமைப்பாளரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. நடுநடுவே ஆப்பெரா வேலைகள், பெர்லினில் ப்ரூனோ வால்டரிடம் உதவியாளர், கோடைக்காலங்களில் சொந்த ஊர்ப்பக்கம் கண்டக்டர். (நம்ம ஊர் கண்டக்டர் இல்லீங்க, குச்சியை ஆட்டி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர்.) இருபத்தைந்து வயதில் ஒரு இசைக்காரனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இன்னும் பத்து வருஷம் இப்படியே போயிருந்தால் ஏதாவது ஒரு பெரிய ஆப்பெரா ஹவுஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

1933 ஜனவரி 30ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஆட்டம் கலைந்தது.

யூதர்களுக்கு இசை அரங்குகளின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஷ்ரேக்கரைப் பதவியில் இருந்து விரட்டினார்கள். மனிதர் 1934லேயே செத்துப் போனார். சாக்ஸ் பாரிசுக்குப் போய், பிறகு அமெரிக்கா போனார். காஃப்மேன் ப்ராகில் ஆய்வை முடித்துவிட்டார், பட்டம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் தன் வழிகாட்டிப் பேராசிரியர் குஸ்டாவ் பெக்கிங் அங்கிருந்த நாஜி அமைப்பில் தலைவராக இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வந்தது. அந்தக் கையால் எனக்குப் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ப்ராஜெக்ட் கைடு கையெழுத்துக்காக ஸ்டாஃப் ரூம் வாசலில் நாள்கணக்கில் நின்ற ஆள் நான். கையெழுத்து போடுகிறவர் எப்பேர்ப்பட்டவர் என்ற யோசனையே அப்போது எனக்கு வந்ததில்லை. வேலை, பட்டம், ஊர் எல்லாம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் வந்த ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளுவதற்குத் தனி தில் வேணும்.

1934ல் கப்பல் ஏறி பம்பாய் வந்து இறங்கினார். ஏன் இந்தியா? இசை ஆர்வம், கிழக்கின் ஞானம் என்றெல்லாம் பெரிய காரணம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்தது. அவ்வளவுதான்! அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அமெரிக்க விசாவுக்கு நேர்முகத் தேதி கிடைக்காமல் நாங்கள் எல்லாம் அல்லாடும் கதையைப் பார்த்தால், இப்படியும் ஒரு காலம் இருந்ததா என்று இருக்கிறது. இன்னொரு காரணம், பெர்லினில் பழக்கமான ஒரு நண்பர் பம்பாயில் இருந்தார். சினிமா இயக்குநர் மோகன் பவ்னானி. அவருடைய படக் கம்பெனியில் காஃப்மேனுக்கு வேலையும் கிடைத்தது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 12 வருஷம் தங்கிவிட்டார்.

இப்போ நான் இந்தப் பதிவு எழுதக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

பம்பாய் வந்த புதிதில் அவர் நம் சங்கீத இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறார். ஒண்ணும் புரியவில்லை. அந்நியமாக இருந்தது, பிடிபடவே இல்லை. நியாயம்தானே? ஐரோப்பிய இசையில் ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக நிற்கும். நம்ம இசையில் அடுக்கு கிடையாது. ஒரே கோடு, ஆனா அந்தக் கோடு வளையும், நெளியும், அசையும். அடுக்கைத் தேடும் காதுக்கு அது வெறும் இழுவையாகத்தான் கேட்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பலர் இந்த இடத்தில் "இதெல்லாம் ஒரு இசையா" என்று எழுதி வைத்துவிட்டு ஜின் குடிக்கப் போய்விட்டார்கள்.

காஃப்மேன் யோசித்த விதம் வேறு. இதை உருவாக்கியவர்களும் இதயமும் புத்தியும் உள்ள மனிதர்கள்தான். லட்சக்கணக்கான பேர் இதைக் கேட்டு உருகுகிறார்கள். அப்படியென்றால் எனக்குப் பிடிபடாதது இசையின் குற்றம் இல்லை, குற்றம் முழுக்க என்னுடையது. இது பிறந்த இடத்துக்கே போய்ப் படிப்பதுதான் வழி. இந்தக் கருத்தில் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பெர்லினில் படித்தவர், ப்ரூனோ வால்டரிடம் வேலை பார்த்தவர். அவருக்குத் தலைக்கனம் இருந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதுவும் அவர் வந்தது இன்னொரு ஐரோப்பிய நாடு ஆண்டுகொண்டிருந்த அடிமை நாட்டுக்கு. இங்கே வெள்ளைத் தோலுக்குத் தனி மரியாதை. அப்படியிருந்தும் "தப்பு என்கிட்டதான்" என்று சொல்ல முடிந்திருக்கிறது. நமக்குப் பிடிக்காத பாட்டை "மொக்கை" என்று ஒரே வார்த்தையில் காலி பண்ணுகிறோமே, நான் உட்பட... சரி, அதை விடுங்க.

பம்பாயில் அவர் சும்மா இருக்கவில்லை. வந்த சில மாதங்களிலேயே, 1934லேயே, பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கிவிட்டார். வாராவாரம் வியாழக்கிழமை வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. பியானோவில் காஃப்மேன், செல்லோவில் எடிஜியோ வெர்கா என்ற இத்தாலியர், வயலினில் மெஹ்லி மேத்தா என்ற பார்சி. மேத்தா என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கண்டக்டர் ஜுபின் மேத்தாவின் அப்பாதான். 1935ல் பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்தவர். ஜுபின் பிறந்தது 1936ல். இவர்கள் எல்லாம் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்த பம்பாயில்தான் அந்தப் பையன் வளர்ந்தான்.

அடுத்தது வானொலி. 1936 ஜூன் 8ஆம் தேதி அரசாங்க ஒலிபரப்புக்கு ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். (மெட்ராஸ் நிலையம் 1938லும், திருச்சி நிலையம் 1939லும் வந்தன. எங்க தாத்தா தலைமுறைக்கு ரொம்ப காலம் திருச்சிதான் கதி, தர்மபுரிக்கு நிலையம் வந்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு.) காஃப்மேன் 1937ல் பம்பாய் நிலையத்தின் ஐரோப்பிய இசைப்பிரிவுக்கு இயக்குநர் ஆனார். 1946 வரைக்கும் அந்த வேலையில் இருந்தார்.

அடையாள இசை 1936 வாக்கில் பிறந்தது. அதை உருவாக்கியவர் என்று வேறு பெயர்கள் சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது காஃப்மேனின் பெயர்தான். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்று சொல்வார்கள். ராகம் சிவரஞ்சனி என்பார்கள்.

சிவரஞ்சனி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மோகனம் தெரியும்தானே? அஞ்சே சுரம்: ச ரி க ப த. அதில் அந்த "க" ஒன்றை மட்டும் அரைப்படி கீழே இறக்குங்கள். அவ்வளவுதான், சிவரஞ்சனி. மோகனம் சிரிக்கும்; ஒரே ஒரு சுரம் மாறினதும் அதே முகம் அழத் தயாராகிவிடும். நம்ம சினிமாவில் சோகத்துக்கு இந்த ராகத்தைக் கசக்கிப் பிழிந்துவிட்டார்கள்.

இப்போ அந்த அடையாள இசையை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ரா நடத்தத் தெரிந்த ஒரு ஆள், நினைத்திருந்தால் என்னென்ன பண்ணியிருக்கலாம்! டிரம்பெட், முரசு, கோரஸ் என்று ராஜபாட்டை போட்டிருக்கலாம். பேரரசின் வானொலி ஆச்சே. பண்ணவில்லை. நம்ம இசையை எடுத்து அதன் தலையில் ஐரோப்பிய அடுக்கை ஏற்றவும் இல்லை. அடியில் தம்பூரா ஓடுகிறது. மேலே வயலின் பட்டும் படாமலும் சில சுரங்கள் சொல்கிறது. வந்த வீட்டில் சத்தமாகப் பேசக்கூடாது என்று தெரிந்த விருந்தாளியின் இசை அது. கேட்டுப் பழகியவன் மட்டும்தான் அவ்வளவு கம்மியாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்பது என்றால் கச்சேரி சபாவோடு நிற்கவில்லை. மத்திய இந்தியாவின் கோண்டு, பைகா பழங்குடி மக்களின் பாட்டுகளைச் சேகரித்து, 1941லேயே அதைப் பற்றி அமெரிக்க இசை இதழ் ஒன்றில் கட்டுரை எழுதியிருக்கிறார். நம்ம ஆட்களே அந்தப் பாட்டுகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலம் அது. இன்னொரு பக்கம் இசையமைப்பும் ஓடிக்கொண்டே இருந்தது. "அனசூயா" என்று வானொலிக்காகவே ஒரு ஆப்பெரா. பியானோவுக்கும் சிறு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் "நவரத்னம்". ஆர்க்கெஸ்ட்ராவுக்கு "ஆறு இந்தியச் சிற்றோவியங்கள்". ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள் மட்டும் பத்துக்கு மேல்.

இதெல்லாம் படித்தால் ஏதோ ஜாலியான பம்பாய் வாழ்க்கை மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லணும்.

அவருடைய முதல் மனைவி கெர்ட்டி. எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா இருக்கிறாரே, ஒரு நாள் காலையில் பூச்சியாக மாறி எழுந்த மனிதனின் கதையை எழுதியவர், அவருடைய மூத்த தங்கை எல்லியின் மகள். கெர்ட்டியும் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். 1938 செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் போட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளைத் தூக்கி ஹிட்லர் கையில் கொடுத்தார்கள். கார்ல்ஸ்பாடும் அதில் போயிற்று. அடுத்த நவம்பரில் அந்த ஊரின் யூதத் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தினார்கள். 1941ல் எல்லியையும் அவர் தங்கை வல்லியையும் போலந்தின் வூட்ச் நகர யூத முகாமுக்கு நாடு கடத்தினார்கள். திரும்பி வரவில்லை. கடைசித் தங்கை ஓட்லா 1943ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். காஃப்காவின் மூன்று தங்கைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

பம்பாயில் இருந்த கெர்ட்டி பிழைத்தார். மருமகன் பிழைத்தார். விசா சுலபமாகக் கிடைத்த அந்த ஒரே காரணத்தால்! முன்னாடி அதைச் சொல்லிச் சிரித்தேனே, இப்போ சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷங்கள் முழுக்க, ஒவ்வொரு நாள் விடியும்போதும், இந்தியாவின் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து அந்த வயலினை ஒலித்தன. டீக்கடைக்காரர், விவசாயி, மிலிட்டரி ஆபீசர், காங்கிரஸ்காரர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதன் சொந்தக்காரனின் ஊர் எரிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. ஏறுவதும் பதிலில்லாமல் இறங்குவதுமாக அந்த வயலின் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று அளக்க மாட்டேன். அது 1936லேயே எழுதியது. ஆனா இப்போ எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது, என்ன செய்ய.

1946ல் காஃப்மேன் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். கொஞ்ச நாள் லண்டன். 1947ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து இசைப்பள்ளியில் பியானோ துறைத் தலைவர். 1948ல் வின்னிபெக் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் கண்டக்டர். புதிதாகப் பிறந்த ஆர்க்கெஸ்ட்ரா அது. குளிர் மைனஸ் முப்பதைத் தொடும் ஊரில் சுமார் ஒன்பது வருஷம் இருந்து அதை வளர்த்தார். முதல் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. வின்னிபெக்கின் பியானோ கலைஞர் ஃப்ரீடா ட்ரெபல் பிறகு அவர் மனைவியானார்.

நம்மை நேராகத் தொடும் ஒரு தகவல் இங்கே இருக்கிறது. 1948ல் அமெரிக்காவின் பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா காஃப்மேனின் புதிய படைப்பு ஒன்றை அரங்கேற்றியது. பேரு என்ன தெரியுமா? "மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்"! பாஸ்டன்காரர்களுக்கு மெட்ராஸ் என்றால் சட்டைத்துணி. எனக்கோ, மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும் வண்டிகளும், கை காட்டிக்கொண்டு தண்டவாளத்தோரம் நின்ற நாங்களும். இந்தியாவை விட்டுப் போன ரெண்டாம் வருஷம், பனி கொட்டும் நாட்டில் இருந்துகொண்டு, மனிதர் ரயிலை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

1957ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். ப்ளூமிங்டன் என்ற ஊர். அங்கே 20 வருஷம் பாடம் நடத்தினார். இந்தியாவில் கேட்டது எல்லாம் அங்கேதான் புத்தகமாயிற்று. 1967ல் கீழை நாடுகளின் இசைக்குறியீடுகள் பற்றி. 1968ல் வட இந்திய ராகங்கள். 1975ல் திபெத்திய பௌத்த ஓதல்கள். 1976ல் தென்னிந்திய ராகங்கள். நம்ம 72 மேளகர்த்தாக்களையும் அவற்றில் பிறந்த ராகங்களையும் வரிசைப்படுத்திய தலையணை சைஸ் புத்தகம் அது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த நண்பரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "ராகம்னா ஆரோகணம் அவரோகணம் மட்டும் இல்லடா. ஒரே சுரங்களை வைத்துக்கொண்டு ரெண்டு ராகம் வேறு வேறு ஆளாக நிற்கும். கமகத்தை எந்த அட்டவணையில் எழுதுவ?" என்றார். சரியான கேள்வி. தோடியின் காந்தாரத்தை எந்தப் பியானோ கட்டையிலும் தேட முடியாது. ஆனால் காஃப்மேனுக்கே அது தெரிந்திருக்கிறது. சுர வரிசைகளின் பட்டியல் என்றுதான் அந்தப் புத்தகத்துக்குத் துணைத் தலைப்பு வைத்தார். இதுதான் ராகம் என்று சொல்லவில்லை, இது எலும்புக்கூடு, சதையும் உயிரும் பாடுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. புரியாத இசைத்தட்டைக் கேட்டுவிட்டுத் தப்பு என்னுடையது என்று சொன்ன இளைஞர், நாற்பது வருஷம் கழித்து அந்த இசையை அடுத்த ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்லும் வாத்தியார் ஆனார். அந்த நாற்பது வருஷத்துக்குத்தான் நான் கும்பிடு போடுகிறேன்.

1984 செப்டம்பரில் ப்ளூமிங்டனில் காலமானார்.

அவருடைய சொந்தப் படைப்புகளின் கதி? கொஞ்சம் கஷ்டமான கதைதான். கைப்பிரதிகளாகக் கிடந்தன. ஐரோப்பாவுக்கு அவர் ஓடிப்போனவர், இந்தியாவுக்கு அவர் விருந்தாளி, அமெரிக்காவுக்கு அவர் புரொபசர். எந்த நாடும் "எங்க ஆள்" என்று தூக்கிப் பிடிக்கவில்லை. நாஜிகளால் நாடு கடந்த இசைக்காரர்களின் படைப்புகளைத் தேடித் தேடிப் பதிவு செய்யும் குழு ஒன்று கனடாவின் டொரண்டோவில் இருக்கிறது, ஏஆர்சி என்சம்பிள் என்று பெயர். அவர்கள் 2020ல் காஃப்மேனின் சேம்பர் இசையை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு என் ஹெட்போனில் ஓடியது அதுதான். எழுதி எத்தனையோ வருஷம் கழித்து, பெங்களூர் ஆபீஸ் ஒன்றில், தர்மபுரிக்காரன் ஒருவன் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நாள்தோறும் கோடிக்கணக்கான பேர் கேட்ட இசை ஒன்றை எழுதியவர், ஒருவேளை உலகத்திலேயே அதிகம் பேர் கேட்ட இசையமைப்பாளர்களில் ஒருவர். ஆனா அவர் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. ரேடியோ அந்த இசையை ஒலித்ததே ஒழிய, ஒருநாளும் பேரைச் சொன்னதில்லை. 2023ல் ஆல் இந்தியா ரேடியோ என்ற ஆங்கிலப் பெயரையே விட்டுவிட்டு ஆகாசவாணி என்று மட்டும்தான் சொல்லணும் என்று உத்தரவு வந்தது. பேரு மாறிடுச்சு. அந்த வயலின் மாறலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ரேடியோ பரண் மேல் இருந்தது. எடுத்துத் துடைத்து, புது பேட்டரி போட்டு, விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து திருகினேன். கொர்ர்ர். அப்புறம் அந்த ரீங்காரம், அந்த வயலின். பாட்டி உள்ளே இருந்து ஓடி வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். இப்போ எங்க வீட்டில் கேஸ் அடுப்பு, விறகுப் புகை கிடையாது. ஆனா எனக்கு வாசனை வந்தது.

"பாட்டி, இத எழுதுனவரு பேரு வால்டர் காஃப்மேன். ஜெர்மன் பேசற ஆளு. ஊரை விட்டுத் தப்பிச்சு நம்ம நாட்டுக்கு வந்தவரு" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க தாத்தா அப்பவே சொன்னாரு" என்றார்.

"என்னன்னு?"

"நீ கவர்மெண்ட்டுதுன்னு சொல்லிட்டுத் தூங்கிட்ட. அவரு எங்கிட்ட வந்து, 'அவனுக்குத் தெரியல புள்ள. இதுல ஒரு ஆளு இருக்கான், ஊருல இல்லாத ஆளு'ன்னாரு."

எட்டாவது வரைக்கும் படித்த மனுஷன். சிவரஞ்சனி தெரியாது, பெர்லின் தெரியாது. காது மட்டும் இருந்தது. கேட்டிருக்கிறார்.

நான் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டு, போர்வைக்குள் இருந்து ஆளே கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். காஃப்மேன் பாணியில் சொல்வதானால், தப்பு முழுக்க என்னுதுதான் தாத்தா.

டிஸ்கி: நாளைக்குக் காலையில் ஒரே ஒரு நாள் ஆறு மணிக்கு முன்னாடி எழுந்து வானொலியைப் போட்டுப் பாருங்கள். போனில் இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் சின்னப் பசங்க யாராவது இருந்தா அந்தப் பேரையும் சொல்லிடுங்க. ஒரு நிமிஷ வேலைதான்.